கோடிங் வேலைக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தே ஆக வேண்டுமா? எங்கள் கடற்கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு மே மாதமும் பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளே என் போன் அடிக்க ஆரம்பித்துவிடும். தங்கச்சிமடம், பாம்பன், வேதாளை, பெரியபட்டினம், கீழக்கரை என்று எங்கிருந்தாவது ஒருவர், "தம்பி, நீங்க கம்ப்யூட்டர்லதான இருக்கீங்க, பிள்ளையை எதுல சேக்கலாம்?" என்பார். மே மாதம் மீன்பிடித் தடைக்காலம் வேறு, விசைப்படகுக்குப் போகிற அப்பாக்கள் எல்லாம் வீட்டில்தான் இருப்பார்கள், அதனால் கேள்வியும் கூடிப் போகும். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சலித்துவிட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன், இனி கேட்கிறவர்களுக்கு இதை அனுப்பிவிடலாம்.

என்னைப் பற்றி இரண்டு வரி. மண்டபம் பக்கம் ஊர், அப்பாவுக்கு வல்லம் என்கிற நாட்டுப்படகு. நான் ராமநாதபுரத்தில் பி.எஸ்சி. இயற்பியல் படித்தேன். கம்ப்யூட்டர் சயின்ஸ் வகுப்பில் ஒரு நாள்கூட உட்கார்ந்ததில்லை, ஆனால் 12 வருடமாக புரோகிராம் எழுதித்தான் சாப்பிடுகிறேன். "டிகிரியாவது மண்ணாவது" என்று நான் சொல்வேன் என நினைத்து வருகிறவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

சுத்தி வளைக்காம சொல்லுங்க, வேணுமா வேணாமா?

ஏதாவது ஒரு டிகிரி வேண்டும். அது கம்ப்யூட்டர் சயின்ஸாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கடன் வாங்கி, படகை விற்று வாங்குகிற கம்ப்யூட்டர் சயின்ஸ் டிகிரி வேண்டவே வேண்டாம். நல்ல கல்லூரியில், மார்க்குக்குக் கிடைக்கிற கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டை விடவும் வேண்டாம். இந்த நாலு வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றால் நிறுத்திக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் இதற்கான காரணங்கள்தான்.

வேலை தெரிஞ்சாப் போதும்னா கம்பெனிக்காரன் ஏன் டிகிரி கேக்குறான்?

ஒரு வேலைக்கு ஆயிரக்கணக்கில் விண்ணப்பம் வந்தால் எல்லாருக்கும் கோடிங் தெரியுமா என்று சோதிக்க யாருக்கும் நேரமில்லை. அதனால் முதல் சல்லடையாக டிகிரியை வைக்கிறார்கள். பெரிய சர்வீஸ் கம்பெனிகள் பலவற்றில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, கல்லூரி மூன்றிலும் 60 விழுக்காடு, அரியர் எதுவும் நிலுவையில் இருக்கக் கூடாது என்பது பழகிப்போன விதி. புதிதாகச் சேருகிறவர்களை அவர்கள் எடுப்பது பெரும்பாலும் கல்லூரி வளாகத்துக்கே வந்துதான். வளாகத்துக்குள் இல்லாதவனுக்கு அந்த வாசல் தெரியவே தெரியாது.

இது நியாயமா என்று கேட்டால் இல்லை. ஆனால் சென்னையில் பிறந்து, சித்தப்பா ஒருவர் மேனேஜராக இருக்கும் பையனுக்கு டிகிரி இல்லாவிட்டாலும் இன்னொரு கதவு திறக்கும். நம் பக்கம் முதல் தலைமுறையாகப் படித்துவிட்டு ராமேஸ்வரம் ரயிலில் எழும்பூர் போய் இறங்குகிறவனுக்கு யார் சிபாரிசு செய்வார்? அவன் கையில் இருப்பது அந்தத் தாள் மட்டும்தான். டிகிரியை விட்டுவிட்டு ஜெயித்த பில் கேட்ஸ் கதையை யாராவது சொன்னால், அவர் 1975இல் விட்டுவிட்டு வந்தது ஹார்வர்டு என்பதையும், அப்பா பெயர்பெற்ற வக்கீல் என்பதையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

இரண்டு மூன்று வருடம் அனுபவம் வந்துவிட்டால் நிலைமை மாறும். என்னை இயற்பியல் பற்றிக் கடைசியாக ஒரு இன்டர்வியூவில் கேட்டு எட்டு வருடம் ஆகிறது, அதுவும் கேட்டவர் சும்மா பேச்சுக்குத்தான் கேட்டார்.

பி.இ., பி.எஸ்சி., பி.சி.ஏ., எது நல்லது?

பி.இ. நாலு வருடம், மற்ற இரண்டும் மூன்று. பெரிய கம்பெனிகளில் பி.இ. படித்தவருக்கும் பி.எஸ்சி. படித்தவருக்கும் ஆரம்பச் சம்பளத்தில் வித்தியாசம் இருக்கும், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பி.எஸ்சி., பி.சி.ஏ. படித்தவர்களுக்கென்றே தனி வழிகள் உண்டு. விப்ரோவில் இப்படி எடுத்து, வேலை பார்த்துக்கொண்டே எம்.டெக். படிக்க வைக்கிற திட்டம் பல வருடமாக நடக்கிறது. கணிதம், இயற்பியல் படித்தவர்களும் அதில் போயிருக்கிறார்கள். டி.சி.எஸ்., காக்னிசன்ட் போன்றவையும் பி.எஸ்சி. ஆட்களை எடுக்கின்றன. கையெழுத்துப் போடும்முன் எத்தனை வருட ஒப்பந்தம், இடையில் விட்டால் எவ்வளவு கட்ட வேண்டும் என்று படித்துப் பாருங்கள்.

அரசுக் கலைக் கல்லூரியில் மூன்று வருடப் படிப்புக்கு ஆகிற செலவு மிகக் குறைவு. கையில் மிஞ்சுகிற பணத்தில் ஒரு நல்ல லேப்டாப் வாங்கலாம். அப்புறம் எம்.சி.ஏ. படிக்கலாம், 2020க்குப் பிறகு அதுவும் இரண்டே வருடம்தான், கணிதம் படித்த எந்தப் பட்டதாரியும் சேரலாம். ஆக மூன்றும் இரண்டும் ஐந்து வருடத்தில், பி.இ.யைவிட ஒரே வருடம் கூடுதலாக, முதுகலையே கையில் இருக்கும். எங்கள் பக்கம் இந்த வழியை யாரும் கணக்கில் எடுப்பதில்லை, பி.இ. என்றால்தான் கல்யாணப் பத்திரிகையில் எடுப்பாக இருக்கிறது.

பாலிடெக்னிக் டிப்ளமோவையும் மறக்க வேண்டாம். பத்தாம் வகுப்பு முடித்து மூன்று வருடம், அதன்பின் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம்.

கட் ஆஃப் பத்தல. மேனேஜ்மென்ட் கோட்டாவுல கேக்குறாங்க. வல்லத்தைக் குடுத்துட்டுச் சேத்துரலாமா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் கோபப்படுவேன், மன்னிக்கவும்.

தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வு கட் ஆஃப் 200க்குக் கணக்கிடப்படுகிறது. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. அதில் குறைந்துபோய் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கவில்லை என்றால், நல்ல கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸோ எலக்ட்ரிக்கலோ கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். பேர் தெரியாத கல்லூரியில் காசு கொடுத்து வாங்கும் கம்ப்யூட்டர் சயின்ஸைவிட நல்ல கல்லூரியின் எலக்ட்ரானிக்ஸ் எத்தனையோ மேல். வளாகத்துக்கு வரும் சாப்ட்வேர் கம்பெனிகளில் பல எல்லாக் கிளை மாணவர்களையும் உட்கார வைத்துத்தான் தேர்வு நடத்துகின்றன.

கல்லூரி எப்படி என்று தெரிய, பஸ் பின்னால் ஒட்டியிருக்கும் விளம்பரத்தைப் பார்க்க வேண்டாம். அண்ணா பல்கலைக்கழகம் தன் கீழுள்ள கல்லூரிகளின் தேர்ச்சி விழுக்காட்டைப் பருவத்துக்குப் பருவம் வெளியிடுகிறது. எடுத்துப் பாருங்கள். நூறு பேர் எழுதி இருபது முப்பது பேர் பாஸாகும் கல்லூரிகளும் அதில் இருக்கின்றன, அவற்றுக்கும் ஏர் கண்டிஷன் போட்ட அட்மிஷன் ஆபீஸ் உண்டு.

6ஆம் வகுப்பிலிருந்து 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளையா? அப்படியானால் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு இருக்கிறது. 2021இல் பொறியியலுக்கும் வந்தது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டுகிறது. அது கிடைக்காவிட்டாலும், குடும்பத்தில் முதல் பட்டதாரி என்ற சான்றிதழ் இருந்தால் கலந்தாய்வில் கிடைத்த இடத்துக்குக் கட்டணச் சலுகை உண்டு. இந்தச் சான்றிதழை ரிசல்ட் வந்தபிறகு வாங்கலாம் என்று இருந்துவிட்டு, கலந்தாய்வு நேரத்தில் தாலுகா ஆபீஸ் வாசலில் நின்ற குடும்பங்களை எனக்குத் தெரியும். முன்னாடியே விண்ணப்பித்துவிடுங்கள். இதையெல்லாம் விட்டுவிட்டு, குடும்பத்துக்குச் சோறு போடும் வல்லத்தை விற்றால், பையன் அரியரோடு திரும்பி வரும்போது கடலுக்குப் போகக்கூட வழி இருக்காது.

உடனே கலாம் ஐயாவை இழுப்பார்கள். சென்னை எம்.ஐ.டி.யில் அவர் சேர அக்கா நகையை அடகு வைத்தாரே என்று. வைத்தார், சரிதான். ஆனால் அது அவருக்குத் தகுதியில் கிடைத்த இடம். அந்தக் கதையில் நம் ஆட்கள் கவனிக்காத இன்னொன்று இருக்கிறது: அவர் முதலில் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் முடித்துவிட்டு, அதன்பிறகுதான் விமானப் பொறியியலுக்குப் போனார். முதலில் எடுத்த படிப்பிலேயே வாழ்க்கை முடிந்துவிடவில்லை அவருக்கு.

நான் மெக்கானிக்கல் முடிச்சிட்டேன், இனிமே மாற முடியுமா?

முடியும். என்னோடு வேலை பார்த்தவர்களில் சிவில், மெக்கானிக்கல், பி.காம்., ஒரு விலங்கியல்கூட உண்டு. முறையாக மாற வேண்டும் என்றால் எந்தக் கிளை பொறியாளரும் கேட் தேர்வில் கம்ப்யூட்டர் சயின்ஸ் தாளை எழுதலாம், அதில் நல்ல மதிப்பெண் எடுத்தால் எம்.டெக். வழி திறக்கும்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்காதவனுக்கு அப்படி என்னதான் தெரியாம போகும்?

நல்ல கேள்வி. இதற்குத்தான் நிறைய எழுத ஆசை.

மதுரையில் என் முதல் வேலை. சின்னக் கம்பெனி, ஆறு பேர். ஒரு மொத்த வியாபாரிக்கு ஒரு புரோகிராம் எழுதச் சொன்னார்கள்: ஒரு பக்கம் போட்ட பில்களின் பட்டியல், இன்னொரு பக்கம் வந்த பணத்தின் பட்டியல், எந்தப் பில்லுக்குப் பணம் வரவில்லை என்று கண்டுபிடிக்க வேண்டும். நான் எழுதினேன். ஒரு பில்லை எடு, பணப் பட்டியல் முழுவதையும் மேலிருந்து கீழ்வரை பார், பில் எண்ணும் தொகையும் தேதியும் பொருந்துகிறதா பார், அடுத்த பில்லை எடு. 2,000 பில்லும் 2,000 பண வரவும் வைத்துச் சோதித்தேன், சட்டென்று விடை வந்தது, எனக்கு ஒரே பெருமை. வியாபாரி தன் பழைய கணக்கெல்லாம் சேர்த்து இரண்டு பட்டியலிலும் 2 லட்சம் பதிவு கொண்டுவந்து போட்டார். மதியம் ஓடவிட்டது, கடை சாத்தும்போதும் ஓடிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் பழசு என்று நான் சொன்னேன். அவர் புதுசு வாங்கிவிடப் பார்த்தார், நல்லவேளை வாங்கவில்லை.

கணக்கு இதுதான். 2,000ஐ 2,000ஆல் பெருக்கினால் 40 லட்சம் ஒப்பீடு. 2 லட்சத்தை 2 லட்சத்தால் பெருக்கினால் 4,000 கோடி. பட்டியல் 100 மடங்கு பெரிதானது, வேலை 10,000 மடங்கு பெரிதாகிவிட்டது. எந்தக் கம்ப்யூட்டர் வாங்கினாலும் இதற்கு ஈடுகொடுக்காது. பக்கத்து சீட்டில் திருநெல்வேலிக்காரர் ஒருவர், பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ். என் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "பணப் பட்டியலை முதல்ல ஹேஷ் டேபிள்ல போடுங்க" என்றார். பில் எண்ணைச் சொன்னால் அது இருக்கும் இடத்துக்கு நேராகப் போய் நிற்கிற ஏற்பாடு அது. ஊருக்குள் வீடு வீடாகக் கதவைத் தட்டிக் கேட்காமல் விலாசத்தை வைத்து நேராக அந்த வீட்டுக்குப் போவது மாதிரி. பத்து வரிதான் மாற்றினோம். சில வினாடியில் முடிந்தது.

எனக்கு அன்றைக்கு அழுகையே வந்துவிட்டது. புரோகிராம் எழுதத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், எனக்குத் தெரிந்தது அந்த மொழியின் இலக்கணம் மட்டும்தான். அவருக்கு டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் (தகவலை அடுக்கி வைக்கும் முறைகள்) என்ற பாடத்தில் இரண்டாம் வருடத்திலேயே அதைச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். அவர் அதில் ஒன்றும் பெரிய மார்க் எடுக்கவில்லையாம், ஆனால் அப்படியொரு பொருள் உலகத்தில் இருக்கிறது என்று தெரிந்திருந்தது. எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. தெரியாத பொருளை எந்தப் பெயர் சொல்லி கூகுளில் தேடுவது?

அடுத்த அடி அதே கடையில்தான். இரண்டு கவுன்டரில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் கடைசி மூட்டையை விற்றார்கள், ஸ்டாக்கில் மைனஸ் ஒன்று. இரண்டு பேரும் பார்க்கும்போது ஒரு மூட்டை இருந்தது, இரண்டு பேரும் விற்றார்கள், இரண்டும் பதிவானது. ஒருவர் எடுக்கும்போது அந்தப் பதிவைப் பூட்டி, முடித்தபின் திறக்க வேண்டும். டேட்டாபேஸ் பாடத்தில் டிரான்சாக்‌ஷன் என்று ஒரு அத்தியாயமே இருக்கிறது. அதையும் அடி வாங்கிய பிறகுதான் படித்தேன்.

ஆக, கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்காதவர் தானாகத் தேடிப் படிக்க வேண்டியவை நாலைந்துதான்: டேட்டா ஸ்ட்ரக்சர்ஸும் அல்காரிதமும், டேட்டாபேஸ், ஆபரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க், கொஞ்சம் டிஸ்க்ரீட் கணிதம். ஐ.ஐ.டி.களும் பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யும் சேர்ந்து நடத்தும் என்.பி.டெல். தளத்தில் இத்தனைக்கும் முழு வகுப்புகள் இலவசமாக இருக்கின்றன. தமிழில் வேண்டும் என்றால் கணியம் தளத்தில் பைத்தான், லினக்ஸ் என்று நிறைய இலவசப் புத்தகங்கள் உண்டு, 2012இலிருந்து எழுதி வருகிறார்கள். எனக்கு இவற்றை வேலைக்கு நடுவே படித்து முடிக்க மூன்று வருடம் ஆனது. கல்லூரியில் படித்திருந்தால் சுகமாகப் போயிருக்கும், அதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

இதற்கு மறுபக்கமும் பார்த்திருக்கிறேன். கம்ப்யூட்டர் சயின்ஸ் டிகிரியோடு வந்து, எட்டு பருவம் நோட்ஸை மனப்பாடம் செய்து எழுதி, ஒரு புரோகிராமைக்கூடத் தானாக ஓட்டிப் பார்க்காதவர்கள். அவர்களுக்கு ஹேஷ் டேபிளின் வரையறை பதினாறு மார்க்குக்குத் தெரியும். இன்டர்வியூவில் உட்கார்ந்து கேள்வி கேட்கும் ஆளாக நான் போன பிறகு, "உங்க சொந்த ஆசைக்கு எழுதின புரோகிராம் ஒண்ணைக் காட்டுங்க" என்பதைத்தான் முதலில் கேட்கிறேன். பாதிப் பேர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

பன்னிரண்டாவதோட நேரா வேலைக்குப் போற வழி இல்லையா?

இருக்கிறது, ஆனால் வாசல் சின்னது. ஜோஹோ நிறுவனம் 2000களின் நடுவிலிருந்து தனக்கென ஒரு பள்ளி நடத்துகிறது. பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களைத் தேர்வு வைத்து எடுத்து, உதவித்தொகை கொடுத்துச் சொல்லிக்கொடுத்து, வேலையும் கொடுக்கிறது. தென்காசிப் பக்கமும் இது நடக்கிறது. எச்.சி.எல். நிறுவனத்தின் டெக்பீ திட்டம் பிளஸ் டூவில் கணிதம் படித்தவர்களுக்கானது. பயிற்சிக்குக் கட்டணம் உண்டு, வேலையில் சேர்ந்தபின் பகுதி நேரமாகப் பட்டமும் படிக்கலாம்.

இரண்டுக்கும் விண்ணப்பியுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பி கல்லூரி விண்ணப்பத்தைப் போடாமல் இருந்துவிடாதீர்கள். போட்டி கடுமை.

ஐ.ஐ.டி.யில ஆன்லைன்ல படிக்கலாம்கிறாங்களே, அது நெசமா?

நிஜம்தான். சென்னை ஐ.ஐ.டி. 2020இல் ஆரம்பித்த டேட்டா சயின்ஸ் பி.எஸ். படிப்பு. ஜே.இ.இ. நுழைவுத் தேர்வு எழுத வேண்டாம், நாலு வாரம் பாடம் படித்து ஒரு தகுதித் தேர்வு எழுத வேண்டும். பாடம் ஆன்லைனில், தேர்வு மட்டும் மையத்துக்குப் போய் எழுத வேண்டும். முழுதாக முடிக்காமல் நடுவில் நிறுத்தினாலும் அதுவரை படித்ததற்கு ஏற்ப சான்றிதழோ டிப்ளமோவோ கிடைக்கும். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கும் வருமானம் குறைந்த குடும்பங்களுக்கும் கட்டணத்தில் பெரிய தள்ளுபடி உண்டு. ராமநாதபுரத்தில் பி.எஸ்சி. கணிதம் படித்துக்கொண்டே இதையும் சேர்த்துப் படிக்கலாம் என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். ஆனால் கணிதமும் புள்ளியியலும் லேசில் விடாது, வாரா வாரம் அசைன்மென்ட் உண்டு. பேருக்குச் சேர்ந்துவிட்டுப் பாதியில் விடுகிறவர்கள் நிறையப் பேர்.

மதுரையில ஒரு இன்ஸ்டிட்யூட்ல ஆறு மாசத்துல வேலை கேரண்டின்னு சொல்றாங்க?

கேரண்டியை எழுத்தில் கேளுங்கள். முகம் மாறும்.

எங்க மாப்பிள்ளை துபாய்ல இருக்காரு, அங்க போக டிகிரி வேணுமா? இதைக் கேட்டது கீழக்கரை காக்கா (எங்கள் பக்கம் முஸ்லிம் அண்ணன்களை இப்படித்தான் கூப்பிடுவோம்) ஒருவர்.

வேண்டும் காக்கா. அமீரகத்தில் திறன்சார் வேலை விசாவுக்குச் சான்றொப்பம் வாங்கிய பட்டத்தைத்தான் கேட்கிறார்கள். மாநில அரசு, வெளியுறவுத் துறை, தூதரகம் என்று ஒவ்வொன்றாக முத்திரை குத்தி வாங்க வேண்டும். டிகிரி இல்லாமல் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் விசா ஆபீசருக்கு அது தெரியாது. சிங்கப்பூரில் 2023 செப்டம்பரிலிருந்து வேலை அனுமதியான எம்ப்ளாய்மென்ட் பாஸுக்குப் புள்ளிக் கணக்கு வந்துவிட்டது, அதில் கல்வித் தகுதிக்குத் தனிப் புள்ளி. அமெரிக்காவின் எச்1பி விசாவுக்குப் பட்டம் வேண்டும், இல்லாவிட்டால் ஒரு வருடப் படிப்புக்கு மூன்று வருட அனுபவம் என்று கணக்குக் காட்ட வேண்டும், அதாவது நாலு வருடப் பட்டத்துக்கு 12 வருட அனுபவம். ஜெர்மனி மட்டும் கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறது. 2023 நவம்பரிலிருந்து, ஐ.டி. ஆட்களுக்குப் பட்டம் இல்லாவிட்டாலும் கடைசி ஏழு வருடத்தில் மூன்று வருட அனுபவமும் அவர்கள் சொல்லும் சம்பளமும் இருந்தால் புளூ கார்டு என்கிற வேலை அனுமதி கிடைக்கும்.

நம் கடற்கரையில் வெளிநாடு போகாத குடும்பம் குறைவு. அதனால்தான் ஏதாவது ஒரு டிகிரி கையில் இருக்கட்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்கிறேன். கம்பெனிக்காரன் விட்டாலும் விசாக்காரன் விடமாட்டான்.

அரசு வேலை?

இங்கே விதி எழுத்தில் இருக்கிறது, வாதாட முடியாது. பொதுத்துறை வங்கிகளின் ஐ.டி. ஆபீசர் தேர்வுக்குக் கம்ப்யூட்டர், ஐ.டி., எலக்ட்ரானிக்ஸ் சார்ந்த பொறியியல் பட்டமோ முதுகலையோ கேட்கிறார்கள். வேறு டிகிரி என்றால் மத்திய அரசின் நீலிட் நிறுவனம் நடத்தும் பி லெவல் கணினிப் படிப்பு முடித்திருக்க வேண்டும். அரசுப் பள்ளிக் கணினி ஆசிரியர் வேலைக்குக் கணினிப் பாடத்தில் முதுகலைப் பட்டமும் பி.எட்.டும். இந்தப் பக்கம்தான் போகப் போகிறோம் என்று தெளிவாக இருந்தால் கம்ப்யூட்டர் சயின்ஸையே எடுத்துவிடுங்கள்.

பிள்ளை தமிழ் மீடியம். இங்கிலீஷ் வராதே?

புரோகிராம் மொழியில் வரும் ஆங்கிலச் சொற்கள் ஐம்பது அறுபதுதான், அது ஒரு தடையே இல்லை. தடை இருப்பது இன்டர்வியூவில். நானும் தமிழ் மீடியம்தான், முதல் மூன்று இன்டர்வியூவிலும் கேள்வி புரிந்தது, வாய் வரவில்லை. அதற்குப் பிறகு நான் எழுதின ஒவ்வொரு புரோகிராமையும் வீட்டில் உரக்க ஆங்கிலத்தில் விளக்கிப் பழகினேன். கடற்கரையில் நின்று படகைப் பார்த்துப் பேசியதைப் பார்த்துவிட்டு அம்மா வேப்பிலை அடிக்கப் பார்த்தார். நான் முதல்வன் திட்டத்தில் 2022இலிருந்து கல்லூரிகளிலேயே ஆங்கிலப் பயிற்சியும் திறன் பயிற்சியும் தருகிறார்கள், அந்த வகுப்பைக் கட் அடிக்க வேண்டாம்.

ஏ.ஐ. வந்துருச்சு, இனிமே கோடிங்கே வேணாமாமே?

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்ததிலிருந்து இந்தக் கேள்விதான். நான் தினமும் அதை வைத்துத்தான் வேலை செய்கிறேன். மேலே சொன்ன பில் புரோகிராமை இன்றைக்கு அதனிடம் கேட்டால் அரை நிமிடத்தில் எழுதித் தரும், ஹேஷ் டேபிளே போட்டுத் தரும். முன்பு புதிதாக வருகிற பையனிடம் கொடுத்த சின்னச் சின்ன வேலைகளை இப்போது அது செய்கிறது, அதனால் வாசலில் நெரிசல் கூடியிருக்கிறது என்பது உண்மை. ஆனால் அது சில சமயம் தப்பாக எழுதும், தப்பு என்று தெரியாத தோரணையில் எழுதும். எங்கே தப்பு என்று கண்டுபிடிக்க மேலே சொன்ன அந்த நாலைந்து பாடமும் தெரிந்திருக்க வேண்டும். முன்பு அவை தெரியாமல் எப்படியோ ஓட்டிவிட்ட என்னைப் போன்றவர்களுக்கு இப்போது அந்த வசதி இல்லை. வகுப்பில் உட்கார்ந்து படிக்கிறீர்களா வீட்டில் உட்கார்ந்து படிக்கிறீர்களா என்பது உங்கள் இஷ்டம், படிக்காமல் முடியாது.

ஏ.ஐ. அண்ட் டேட்டா சயின்ஸ் என்று புதிதாகக் கிளைகள் வந்திருக்கின்றனவே, அதில் சேர்க்கலாமா என்றும் கேட்கிறார்கள். நல்ல கல்லூரியில் என்றால் சேருங்கள். அடிப்படைப் பாடங்கள் பெரும்பாலும் ஒன்றுதான், போர்டு புதுசு.

பொம்பளப் பிள்ளை, சென்னைக்கு அனுப்ப யோசனையா இருக்கு.

யோசனை உங்களுக்கு, பிள்ளைக்கு இல்லை என்று நினைக்கிறேன். அரசுப் பள்ளியில் படித்த பெண் என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்கிலேயே விழும். படிப்பு ராமநாதபுரத்திலோ கீழக்கரையிலோ முடியட்டும், அதற்குக் கல்லூரிகள் இருக்கின்றன. வேலைக்கு முதல் இரண்டு வருடம் வெளியூர் போகத்தான் வேண்டும், பக்கத்தில் நின்று பார்த்துத்தான் இந்தத் தொழில் வரும். வீட்டிலிருந்தே வேலை என்பது அனுபவம் உள்ளவருக்குக் கிடைப்பது, புதியவருக்கு அபூர்வம்.

நான் மீன்பிடி போட்டுக்குப் போறேன்ணே, வயசு 22, பன்னெண்டாவது பாஸ். தடைக்காலம் 61 நாள் சும்மாதான் இருக்கேன். அதுல கத்துக்க முடியுமா?

இது போன வருடம் ஏப்ரலில் வந்த கேள்வி, எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வியும்கூட.

61 நாளில் வேலை கிடைக்கிற அளவுக்கு வராது தம்பி. ஆனால் இது உனக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்று கண்டிப்பாகத் தெரிந்துவிடும். பைத்தான் எடுத்துக்கொள், கணியம் புத்தகம் போதும். லேப்டாப் இல்லையென்றால் முதல் இரண்டு வாரம் போனிலேயே ஓட்டலாம், அப்புறம் யாரிடமாவது பழையது வாங்கிக்கொள், புதுசு வேண்டாம். தினம் மூன்று மணி நேரம், கரண்ட் இருக்கும் நேரமாகப் பார்த்து.

வீடியோ பார்த்துக்கொண்டே இருக்காதே. முதல் மாதம் முடிந்ததும் உங்கள் போட்டுக் கணக்கை எழுதிப் பார். பிடித்த மீன் என்ன விலைக்குப் போனது, டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு கழித்தால் மீதி எவ்வளவு, ஓனருக்கு எவ்வளவு, டிரைவருக்கு எவ்வளவு, மற்றவர்களுக்குப் பங்கு எவ்வளவு, யார் முன்பணம் வாங்கியிருக்கிறார்கள், அதில் இந்தத் தடவை எவ்வளவு பிடிப்பது, நஷ்டம் வந்த நாளில் என்ன செய்வது. அந்த நஷ்டக் கணக்கில்தான் உன் புரோகிராம் முதலில் தடுக்கி விழும், அதைச் சரிசெய்வதுதான் பாடம். ஓனர் நோட்டில் எழுதி வைத்திருக்கும் பழைய கணக்கை வாங்கி அதில் போட்டுப் பார். ஏதாவது பல்கலைக்கழகத்தில் தொலைதூரக் கல்வி பி.சி.ஏ. விண்ணப்பம் எப்போது என்றும் விசாரித்து வை, அவசரமில்லை.

ஜூன் 14 ராத்திரி போட்டு கடலில் இறங்கும்போது அந்தப் புரோகிராமும் நோட்டும் ஒரே தொகையைக் காட்டினால், எனக்கு ஒரு போன் போடு.